சிறுநீர்ச் சோதனை: சிகிச்சைக்கா, சந்தேகத்துக்கா?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மக்களிடமிருந்தும் மரபணுச் சோதனைக்கு ரத்தம் கேட்கப்பட்டது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை அம்மக்களில் மூவரையே குற்றஞ்சாட்டியது. எனவே, உடல் மாதிரி யார் கையில் சேர்கிறது என்பது நமக்கு வெறும் மருத்துவக் கேள்வி அன்று.

போதை மீட்புச் சிகிச்சையில் நடைபெறும் சிறுநீர்ச் சோதனைக்கும் இக்கேள்வி பொருந்தும். சிகிச்சையின் போக்கை அறிய அச்சோதனை உதவும். ஆனால் முதற்கட்ட முடிவு இறுதியானதன்று. கசகசா உண்டவருக்கும் அபின் வகைப் பொருள் இருப்பதாக அது காட்டக்கூடும். தொடர்ந்து கஞ்சா புகைத்தவர் அதை நிறுத்திப் பல நாட்கள் ஆன பின்னரும் தடயம் தெரியும்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கியவர் தாமாகவே சிகிச்சை பெற முன்வந்தால் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிடில் அப்பாதுகாப்பை விலக்கிக்கொள்ளவும் அதே பிரிவு இடமளிக்கிறது. ஆகவே, பிழையான ஒரு முடிவினால் வெளியேற்றப்படுபவர் இழப்பது சிகிச்சையை மட்டுமன்று. மீண்டும் வழக்கை எதிர்கொள்ளும் நிலைக்கும் அவர் தள்ளப்படலாம்.

நாம் கோருவது மூன்று: விளங்கச் சொல்லிப் பெறும் ஒப்புதல், வெளியேற்றும் முன் உறுதிப்படுத்தும் மறுசோதனை, சோதனை முடிவு காவல் நிலையம் செல்லாது என்ற எழுத்துபூர்வ உத்தரவாதம்.