என் அண்ணன் உங்கள் சகோதரன் இல்லையா?

அம்மா செத்தது 2025 மே 11, ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. மறுநாள் வெசாக் போயா. அதற்கு அடுத்த நாளும் அரசாங்க லீவு. மறியலில் இருக்கிற மகனை அம்மாவின் முகம் பார்க்கக் கூட்டிவர வேண்டுமென்றால் கடிதம் வேண்டும், கடிதத்தில் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு மேல் முத்திரை வேண்டும். முத்திரை பூட்டின அலுமாரிக்குள் இருந்தது. டவுனுக்கும் லயத்துக்குமாக ஓடினேன். டவுன் முழுக்க வெசாக் கூடு. தன்சலில் வருகிறவன் போகிறவனை எல்லாம் நிறுத்திச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் அம்மாவைத் தூக்கிவிட்டோம். மூத்த மகன் போட வேண்டிய முதல் பிடி மண்ணைச் சித்தப்பா மகன் போட்டான்.

அண்ணன் யாரையும் வெட்டவில்லை, குத்தவில்லை. ஆட்டோ ஓட்டினான். ஒரு நாள் ஏற்றின ஆளின் பையில் ஐந்து போத்தல் கசிப்பு. பொலிஸைக் கண்டதும் அவன் தேயிலைக்குள் பாய்ந்துவிட்டான், அண்ணன் அகப்பட்டான். எதையும் மறைக்க நான் விரும்பவில்லை. பையில் என்ன இருக்கிறதென்று அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். வாடகைக்கு மேல் 500 ரூபாய் தருகிறேன் என்றதும் ஏற்றியிருப்பான். அந்த மாதம் லீசிங் கட்டக் கையில் காசில்லை. தப்புத்தான். தப்பில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

கோட்டில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. அவனுக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. “ஒத்துக்கோ, தண்டத்தோட போயிரும்” என்று யாரோ காதில் சொன்னார்கள். ஒத்துக்கொண்டான். தண்டப்பணம் 50,000 ரூபாய். கட்டாவிட்டால் ஆறு மாதம்.

அம்மாவுக்கு அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். 50,000 சேர வேண்டுமென்றால் 38 நாள் விடாமல் பேர் போட வேண்டும். அந்த 38 நாளும் வீட்டில் யாரும் ஒரு வாய் சோறு தின்னக் கூடாது. எங்கள் தோட்டத்தில் வாரத்துக்கு நாலு நாள் வேலை கிடைத்தாலே பெரிய விஷயம். அம்மாவின் தோட்டை அடகு வைத்தோம், 18,000 கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு போனால், மொத்தமாகக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூளிக் காதும் முந்தானையில் முடிந்த 18,000 ரூபாயுமாக அம்மா பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அன்றைக்கே இன்னொருத்தருக்கும் தண்டம் விழுந்தது. அவர் வீட்டு ஆட்கள் நோட்டை எண்ணிக் கட்டிவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூட்டிக்கொண்டு போனார்கள். அப்படியானால் என் அண்ணனுக்கு ஆறு மாதம் எதற்கு? கசிப்புக்கா? காசில்லாததற்கா? இதைக் கேட்க எனக்குப் பெரிய படிப்பு வேண்டுமா?

மறியலுக்கு ஒரு தடவைதான் அம்மாவால் வர முடிந்தது. நடுவில் வலை. விரல் நுனி மட்டும்தான் நுழையும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரலை அம்மா அதற்குள் நீட்டிக்கொண்டே இருந்தார், அண்ணன் தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். விரல் இடுக்கெல்லாம் சொறி. அம்மா பார்த்துவிடக் கூடாதாம். “மொற வச்சுத்தான் தூங்குறோம், ஒருத்தன் திரும்புனா வரிசையே திரும்பணும்” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். நாட்டுச் சிறைகளில் இருக்கிற இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆளை அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்த நெரிசல் ஆளைக் கொல்லும் என்பதை மஹர சிறையில் பார்த்தோமே. 2020 நவம்பர் 29. கொரோனா உள்ளே பரவுகிறது, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கத்தின இடத்தில் கலவரம் வெடித்து 11 உயிர் போனதே. வெலிக்கடை மதிலில் ‘சிறைக் கைதிகளும் மனிதர்களே’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். யார் வாசிக்க? ரோட்டில் போகிறவர்கள் வாசிக்கவா?

அம்மாவை அடக்கம் பண்ணி ஒரு மாதம் ஆகவில்லை, செய்தி வந்தது. அந்த வெசாக்குக்கு ஜனாதிபதி பொதுமன்னிப்பில் 388 பேரின் பெயர்ப் பட்டியல். பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர், பண மோசடி வழக்கில் தண்டனை பெற்றவர், அநுராதபுரம் சிறையிலிருந்து அதே மன்னிப்பைக் காட்டி வெளியே போயிருந்தார். முறைப்பாடு போட்டீர்கள், சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தையே கைது செய்தீர்கள். சரி, செய்ய வேண்டியதுதான். அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று நாடே கேட்டது. எங்கள் கதவு ஏன் திறக்கவில்லை என்று ஒருத்தராவது கேட்டீர்களா? அம்மா குளிர்ந்துபோய்க் கிடந்த அதே இரண்டு நாளில் அந்த மனுஷன் வெளியே வந்திருக்கிறார். இதை நான் எப்படிச் செரிப்பேன்?

நான் இதைப் பழைய ஆட்சிக்காரர்களிடம் கேட்கவில்லை. அவர்களிடம் எங்களுக்கு எதிர்பார்ப்பே இருந்ததில்லை. இப்போது ஆட்சியில் இருக்கிற உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் இடதுசாரிகள். 1971 ஏப்ரலில் உங்கள் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போய் அடைத்தார்கள். உங்கள் தலைவர் ரோஹண விஜேவீரவை யாழ்ப்பாணச் சிறையில் வைத்திருந்தார்கள். 1977இல் ஆட்சி மாறினதும் ஜே.ஆர். ஜயவர்தன அவரையும் மற்றவர்களையும் வெளியே விட்டார். ஆயுதம் தூக்கினவர்களுக்கு வலதுசாரி ஒருவர் கதவு திறந்தார். போத்தல் ஏற்றினவனுக்கு இடதுசாரி நீங்கள் திறக்க மாட்டீர்களா? கம்பிக்குள் இருந்தவனுக்குத்தானே கம்பியின் குளிர் தெரியும்?

2024 நவம்பரில் மலையகம் உங்கள் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போட்டது. பரம்பரையாகப் போட்ட சின்னத்தை விட்டுவிட்டு, நுவரெலியா மாவட்டத்தையே உங்கள் கையில் கொடுத்தோம். அம்மா முதல் ஆளாக வரிசையில் நின்றார். 225இல் 159 ஆசனம் உங்களிடம் இருக்கிறது. இன்னும் எத்தனை வேண்டும்?

புதுச் சட்டம்கூட எழுத வேண்டியதில்லை. மறியலுக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்ய வைக்கலாம் என்று 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தண்டனையென்று உள்ளே வருகிறவர்களில் பெரும்பகுதி தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்தான் என்று சிறைத் திணைக்களத்தின் புள்ளிவிவரமே வருஷா வருஷம் சொல்கிறது. ரோட்டுக் கானை வெட்டச் சொல்லியிருந்தால் என் அண்ணன் வெட்டியிருப்பான். ஆஸ்பத்திரியைக் கூட்டச் சொல்லியிருந்தால் கூட்டியிருப்பான். இரவு வந்து அம்மாவுக்கு மருந்து கொடுத்திருப்பான். ஆறு மாதம் ஒருத்தனுக்குச் சோறு போட்டுக் காவல் வைக்க ஆகிற செலவை அந்த 50,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்து யாராவது ஒரு கணக்குப் போட்டீர்களா? பெருநாளுக்குப் பெருநாள் இத்தனை பேருக்கு மன்னிப்பு என்று அறிவிக்கிறீர்களே, ஏழையாகப் பிறந்ததற்கு நாங்கள் எதற்கு மன்னிப்பு வாங்க வேண்டும்?

நீங்கள் உங்களுக்குள் ‘சகோதரயா’ என்று கூப்பிட்டுக்கொள்வீர்கள். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கும். இப்போது கேட்கிறேன், என் சகோதரன் உங்களுக்கு யார்?

நன்னடத்தைக் கழிவு போக நாலு மாதத்தில் அண்ணன் வந்தான். ஆட்டோவை லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார். வந்த அன்றைக்கு வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் நேரே மேட்டுக்குப் போனான். அம்மாவின் குழிமேல் புல் முளைத்திருந்தது. அவன் ஒரு பிடி மண்ணை அள்ளினான், எங்கே போடுவதென்று தெரியாமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராக்காரன் போன கிழமை உள்ளே போயிருக்கிறான். தண்டம் 25,000. அவன் பெண்சாதி நேற்று ராத்திரி வந்து தோடு எங்கே அடகு வைத்தீர்கள் என்று கேட்டாள். கைப்பிள்ளைக்காரி. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?