பங்கிடும் உரிமை

வறியோர்க்கு வழங்குவதில் தமிழ்நாடு கை சுருக்கிய மாநிலம் அன்று. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் சேர்த்தது. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி 2015-16-இல் 4.76 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டு வறியோர் பங்கு, 2019-21-இல் 2.20 விழுக்காடாகக் குறைந்தது. இவை பெருமைக்குரியவை. ஆயினும், எஞ்சியிருப்போரை எட்டுவதற்கு இதுவரை வந்த வழி மட்டும் போதாது. அவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எதனால் வீழ்ந்தார்கள், எது கிடைத்தால் எழுவார்கள் என்பதைத் தலைமைச் செயலகம் அறியாது. பக்கத்து வீட்டுப் பெண் அறிவாள். அந்த அறிவுக்கு நிதியின்மீது அதிகாரம் தரப்பட வேண்டும் என்பதே நம் வாதம்.

திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே அமைந்த கொட்டிவாக்கம் இவ்வாதத்துக்கு உரிய களம். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, கடலை ஒட்டி மீனவர் குப்பம்; மேற்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள்; அதற்கும் அப்பால் பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள். கடலோடியும், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணும், பெருஞ்சம்பளம் பெறும் பொறியாளரும் நடந்து சென்றடையும் தொலைவில் வாழ்கின்றனர். 2011 வரை இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராம ஊராட்சி. அவ்வாண்டு அக்டோபரில் 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது, மாநகரின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. கொட்டிவாக்கம் மாநகரின் பகுதியாயிற்று. தன் கிராமசபையை இழந்தது. 2016-இல் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடவாமையால், முறையிட ஒரு மாமன்ற உறுப்பினரும் இல்லாத ஆண்டுகள் கழிந்தன.

குப்பத்தில் மீன் விற்கும் பெண்ணின் கணக்கைச் சற்று அருகிருந்து பார்ப்போம். விடியலில் கரையேறும் மீனை ஏலத்தில் எடுக்க அவளுக்குக் கைப்பணம் வேண்டும். ஐஸ் கட்டிக்கும் ஆட்டோவுக்கும் தனியே வேண்டும். அந்நேரத்தில் வங்கி திறந்திராது. திறந்திருந்தாலும் கேட்ட உடனே தராது. தண்டல்காரர் தருவார். சென்னையில் பழகிப்போன தண்டல் முறையில், 10,000 ரூபாய் கடன் என்றால் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டி முடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், கட்டக் கட்ட முதல் குறைந்து வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். கடல் சீறிப் படகு இறங்காத நாளிலும், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு கூடை சுமக்காத நாளிலும் தண்டல் நிற்பதில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியது. சட்டம் வட்டிக்காரரைத் தண்டிக்கலாம். மறுநாள் ஏலத்துக்கு வேண்டிய பணத்தை அது தராது.

இத்தகைய பெண்களுக்குத் துணைநிற்கும் முயற்சி தென்சென்னைக்குப் புதிதன்று. முத்துலட்சுமி ரெட்டியின் அவ்வை இல்லமும் துர்க்காபாயின் ஆந்திர மகளிர் சபையும் 1930-களில் ஆதரவற்ற பெண்களுக்குப் புகலிடமும் கல்வியும் தந்தன. 1978-இல் ஜெயா அருணாசலம் மயிலாப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்னும் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கியபோது, இவ்வரலாறு ஒரு படி மேலேறியது. அரசியல் பணியில் குடிசைப் பகுதிகளை நன்கறிந்த அவர், அங்குள்ள பெண்கள் நிவாரணப் பொட்டலத்தைவிடத் தொழிலுக்கான முதலையே நாடுகின்றனர் எனக் கண்டார். ஏறத்தாழ 800 பெண்களுடன் அமைப்பு தோன்றியது. ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து, தமக்குள் தலைவியைத் தேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். 1972 முதல் நடைமுறையில் இருந்த நான்கு விழுக்காட்டு வட்டித் திட்டத்தின்கீழ் வங்கிக் கடன் பெற்றனர். வங்கிகளின் தாமதம் பொறுக்காமல் 1981-இல் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கத்தையே கண்டனர். 2019-இல் மறைந்த ஜெயா அருணாசலம் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு: யாருக்குக் கடன் தரலாம் என்பதை ஆராய்ந்து சொன்னவர்கள் அதே தெருவின் ஏழைப் பெண்கள். முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் அமர்ந்ததுதான் அவ்வமைப்பின் வலிமை.

எனினும் கடனுக்கு எல்லை உண்டு. தருமபுரியில் 1989-இல் அரும்பிய மகளிர் குழு இயக்கமும், 1992-இல் நபார்டு வங்கி தொடங்கிய குழு – வங்கி இணைப்பும் பல இலட்சம் பெண்களுக்குச் சேமிப்பையும் தன்னம்பிக்கையையும் தந்தன. பின்னர் நுழைந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களோ, வாரத் தவணைக்காக வாசலில் வந்து நிற்கும் அவமானத்தையும் கொண்டுவந்தன. 2010-இல் ஆந்திரம் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமுன்வடிவை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. ஐதராபாத்தில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் செய்த ஆய்வு, நுண்கடன் சில தொழில்களை வளர்த்ததேயன்றிச் சராசரிக் குடும்பத்தின் நுகர்வை உயர்த்தவில்லை என்றே கண்டது. கணவனை இழந்த முதல் ஆண்டில், நோயால் வருமானம் நின்ற வீட்டில், பழைய கடனே அடையாத நிலையில், இன்னொரு கடன் மேலும் ஒரு சுமையே. அங்கே வேண்டுவது திருப்பித் தர வேண்டாத நல்கை.

நல்கை கொடுத்தால் மக்கள் சோம்பிவிடுவர் என்பார் உளர். மெய்ந்நிலை அதற்கு மாறானது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல், கடனுக்கும் தகுதியற்றோர் என ஒதுக்கப்பட்ட பெண்களுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. ஆடோ மாடோ சிறு வணிகச் சரக்கோ இலவசமாகத் தந்து, முதற்சில மாதங்களுக்கு உணவுச் செலவும் கொடுத்து, தொழிற்பயிற்சியோடு ஏறத்தாழ ஈராண்டுகள் வீடு தேடிச் சென்று துணை நின்றது. இம்முறையை இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. உதவி நின்று ஓராண்டு கழிந்தபின்னும் அக்குடும்பங்களின் உணவும் வருவாயும் சேமிப்பும் உயர்ந்தே இருந்தன. கையில் முதல் வந்தவள் சோம்பவில்லை. அதுவரை கிடைக்காதிருந்த வேலையைச் செய்தாள்.

கொடுப்பது நன்று என்றால், அடுத்த வினா: யார் தேர்வது? மேலிருந்து தேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஆழிப்பேரலைக்குப் பின்வந்த ஆண்டுகளே சான்று. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து உதவி பெருகியது. படகுகள் வந்து குவிந்தன. சில ஊர்களில் முன்பிருந்ததைவிட மிகுதியாயின. மீன் விற்கும் பெண்களும், படகு உடைமையில்லாத கூலித் தொழிலாளரும், கரையோரத் தலித் குடும்பங்களும் பல பட்டியல்களில் பின்தள்ளப்பட்டனர். மரபான ஊர்ப் பஞ்சாயத்தில் பெண்ணுக்கு இடமில்லாதபோது, ஊர் வழியாக வரும் உதவியிலும் அவளுக்கு இடமில்லாமற் போகிறது. ஆகவே, 'சமுதாயத்திடம் கொடுங்கள்' என்று சொல்வது மட்டும் போதாது. சமுதாயத்துள் யாரிடம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதைச் செவ்வையாகச் சொன்ன முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்தது. உலக வங்கியின் உதவியோடு 2005-இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம், தான் செயல்பட்ட ஊர்தோறும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தை அமைத்து, நிதியை நேராக அதன் கையில் கொடுத்தது. முதலில் மக்கள் நிலை ஆய்வு. ஊர்மக்கள் கூடித் தம் ஊரின் வரைபடத்தைத் தாமே வரைவர். மிகவும் ஏழை யார், ஏழை யார், வசதியுள்ளவர் யார் என வீடு வீடாகப் பேசி வகைப்படுத்துவர். அப்பட்டியல் கிராமசபையில் உரக்கப் படிக்கப்பட்டு ஒப்புதல் பெறும். மாற்றுத்திறனாளிகளுக்கும் நலிவுற்றோர்க்கும் தனிநிதி, மகளிர் குழுக்களுக்குத் தொடக்க நிதி, இளைஞர்க்குத் திறன்பயிற்சி. செலவைச் சரிபார்க்க ஊராரே அமர்த்திய சமூகத் தணிக்கைக் குழு. குறைகள் இருந்திருக்கலாம். ஆனால், தனக்கு ஏன் கிடைத்தது, அடுத்தவளுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற வினாவுக்கு ஊரிலேயே விடை இருந்தது. அது சிறிய சாதனையன்று.

இந்த முறை ஊரகத்தோடு நின்றுவிட்டது. கிராமசபையை அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் உறுதி செய்தது. நகரவாசிக்கு அத்தகைய அவை நெடுங்காலம் இல்லை. 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில்தான் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதிசபைகள் கூடத் தொடங்கின. தெருவிளக்கும் குப்பையும் மழைநீர் வடிகாலும் பேசுவதோடு அவை முடிந்துவிடக் கூடாது. இழந்த கிராமசபைக்கு ஈடாகக் கொட்டிவாக்கத்துக்குக் கிடைத்திருக்கும் ஒரே பொது அவை பகுதிசபை. வறியோர் பட்டியல் படிக்கப்பட வேண்டிய இடமும் அதுவே.

பணம் எங்கிருந்து வரும்? அருகிலேயே இருக்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் நிகர ஆதாயத்தின் மூன்றாண்டுச் சராசரியில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தாம் இயங்கும் பகுதிக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தரவும் அதே பிரிவு கூறுகிறது. ஆயினும் அப்பணத்தைப் பிறர் வழியே செலவிடுவதாயின், வருமான வரிச் சட்டத்தின்கீழ்ப் பதிவும் வரிவிலக்குச் சான்றும் பெற்ற அமைப்புக்கே பொதுவாகத் தரலாம் என்பது விதி. குப்பத்துப் பெண்களின் குழுவுக்கு இக்காகிதங்கள் இல்லை. காகிதம் உள்ள நிறுவனத்துக்குக் குப்பம் தெரியாது. இவ்விரண்டையும் இணைப்பதே செய்ய வேண்டிய வேலை.

எல்லாவற்றையும் பெருநிறுவனங்களிடம் எதிர்பார்க்கவும் தேவையில்லை. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, 1889-இல் தொடங்கி, வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. அன்று ஒரு சிற்றூருக்கு இயன்றது இன்று கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இயலாதா? ஐந்நூறு அடுக்குமாடி வீடுகள் மாதம் 200 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 12 இலட்சம் சேரும். குடும்பத்துக்கு 40,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு முப்பது குடும்பங்கள் தண்டலிலிருந்து மீளலாம்.

ஓர் ஐயம் எழும், அது நியாயமானது. உள்ளூரார் கையில் பணம் வந்தால் கட்சியும் சாதியும் உறவும் புகாதா? புகும். மேலிடத்தில் அவை புகுவதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே புகுந்தால் கண்டறிவதுதான் கடினம். உள்ளூரில் காவலுக்கு எளிய விதிகள் போதும். பெயர்ப் பட்டியல் பகுதிசபையில் படிக்கப்பட வேண்டும். உறவினர்க்கு நல்கை கேட்கும் உறுப்பினர் அம்முடிவில் கலந்துகொள்ளலாகாது. ஒவ்வொரு ரூபாயும் எழுதிய கணக்கு, குப்பத்துச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, மாநகராட்சியும் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனமும் இணைந்து, கொட்டிவாக்கத்தில் மக்கள் நிலை ஆய்வு முறையை நகருக்கேற்ப நடத்த வேண்டும். இரண்டாவது, அங்குள்ள மகளிர் குழுக்களின் கூட்டமைப்பைப் பதிவு செய்து, வரிச் சான்றுகள் பெற்றுத் தந்து, நன்கொடை பெறும் தகுதியை அரசே முன்னின்று ஏற்படுத்த வேண்டும். மூன்றாவது, அந்நிதியைப் பங்கிடும் குழுவில் பெரும்பான்மையினர் அப்பகுதியின் ஏழைப் பெண்களாக இருக்க வேண்டும். மீன் விற்போர், வீட்டுவேலை செய்வோர், தனித்து வாழ்வோர் ஆகியோருக்கு உறுதியான இடம் வேண்டும். நான்காவது, சாலைக்கு மேற்கே உள்ள குடியிருப்போர் சங்கங்களும் நிறுவனங்களும் பணத்தோடு கணக்கறிவையும் சட்ட அறிவையும் தர வேண்டும். யாருக்குத் தருவது என்று முடிவுசெய்யும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்ளலாகாது.

கொடுப்பவர் தெரிவுசெய்ய, வறியவள் வரிசையில் நின்று காத்திருக்கும் முறைக்கு நம் காலத்தில் நியாயமில்லை. அவளுடைய தெருவின் தேவையை அவளைவிட நன்கறிந்தவர் எவரும் இலர். அடுத்த பகுதிசபைக் கூட்டத்தின் பொருள்நிரலில் வறியோர் பட்டியலையும் பொதுநிதியையும் முதலாவதாகச் சேர்க்குமாறு கொட்டிவாக்கத்து மக்களையும் அவர்தம் மாமன்ற உறுப்பினரையும் கேட்டுக்கொள்கிறோம். மாநகராட்சி அதற்கு இசைவு தருவது அதன் கடமை.