பைப்பை வெட்டினால் காய்ச்சல் வருமா?

பழைய தண்ணீர் பைப்பை காயலான் கடைக்குப் போடும் முன் கேஸ் கட்டரால் துண்டு போடுவார்கள். வெட்டியவருக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் ஒரு உலோக ருசி. ஓரிரு நாளில் சரியாகிவிடும். 'வெயிலில் நின்றதால் வந்திருக்கும்' என்று விட்டுவிடுவார்கள். ஆனால், இது உலோகப் புகைக் காய்ச்சலாக இருக்கலாம். காரணம், ஜி.ஐ. பைப்பின் மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சு.

இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பக்கெட், கூரைத் தகடு, கார் பாடி என்று பலவற்றுக்கும் துத்தநாகம் பூசுகிறார்கள். அதே பூச்சு, மறுசுழற்சியின்போது தலைவலி. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். ஸ்டீல் உருக சுமார் 1,500 டிகிரி வேண்டும். அதனால் உலையில் ஸ்டீல் உருகும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். பெரிய ஆலைகளில் அதை ஃபில்டரில் தூசியாகப் பிடித்து, துத்தநாகத்தைப் பிரித்தெடுப்பது உண்டு. அந்த வசதி இல்லாத பட்டறையில், புகை போய்ச் சேருவது தொழிலாளியின் நுரையீரலுக்கு.

உலைக்குப் போகும் முன்பே பூச்சை எடுக்க முடியாதா? முடியும். ஆசிட்டில் போட்டால் இரும்பும் சேர்ந்து கரையும். சூடான காஸ்டிக் சோடா கரைசலில் துத்தநாகம் மட்டும் கரையும். இரும்பு அப்படியே நிற்கும். பிறகு அந்தக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் துத்தநாகம் திரும்பக் கிடைக்கும். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் 1990-களில் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து இந்த முறையை வளர்த்தெடுத்தது.

'அட, நாமே செய்யலாமே' என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரித்துவிடும். துத்தநாகம் கரையும்போது வரும் ஹைட்ரஜன் வாயு, ஒரு தீப்பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும்.

நாம் செய்யக்கூடியது எளிது. ஜி.ஐ. பைப்பை தீயால் வெட்டாமல் ஆக்ஸா பிளேடால் அறுக்கச் சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால், திறந்த வெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று வெட்டட்டும். துணி மாஸ்க் இந்தப் புகையைத் தடுக்காது. பால் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

காய்ச்சலோடு மூச்சு வாங்கினால் உடனே டாக்டரைப் பாருங்கள். 'பைப் வெட்டினேன்' என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அவர் காரணத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வார்த்தை உதவும்.