ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகன் வந்தான். கையில் ரிச்சி தெருவில் வாங்கிய எட்டு அங்குல வூஃபர். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

"மாமா, இதைப் பெட்டியில மாட்டித் தரணும். பழசு போச்சு."

"இது எத்தனாவதுடா?"

"மூணாவது."

ஆறு மாதத்தில் மூன்று வூஃபர்! பெட்டி அவனே செய்தது. பிளைவுட் அறுத்து, ஒட்டி, ஆம்ப்ளிஃபயர் போர்டு வாங்கிப் பொருத்தி, நன்றாகத்தான் செய்திருக்கிறான். ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் கரகரக்கிறது. கடையில் கேட்டிருக்கிறான், "வூஃபர் போச்சு தம்பி, மாத்திடு" என்றார்களாம். நண்பனும் அதையே சொன்னானாம். சொன்னவர்களில் ஒருவர்கூடப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபம் அவன் மேல் இல்லை. இந்த "போச்சு" என்ற சொல்லின் மேல். பார்க்காமல், தொடாமல், அளக்காமல் ஒரு பொருளுக்குச் சாவுச் சான்றிதழ் கொடுக்கும் பழக்கத்தின் மேல்.

நான் முப்பத்தைந்து வருடம் தொலைபேசித் துறையில் இருந்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: கோளாறு லைனிலா, கருவியிலா என்று முதலில் பிரி. பிரிக்கும் வரை எதையும் மாற்றாதே. அது ஸ்பீக்கருக்கும் பொருந்தும்.

காயில், காந்தம், காகிதக் கோன் என்ற இந்த அமைப்பை 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் வெளியிட்டார்கள். நூறு வருடமாகியும் அடிப்படை மாறவில்லை. அதில் அசையும் பாகங்கள் மிகக் குறைவு. அதனால் கெட்டுப்போகும் வழிகளும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவற்றை வெறும் கையாலும் ஒரு மல்டிமீட்டராலும் சோதித்துவிடலாம்.

அவனை உட்காரவைத்து முதலில் கேட்டேன்: "எல்லாப் பாட்டுலயும், எல்லா ஸ்வரத்துலயும் கரகரக்குதா? இல்ல சில இடத்துல மட்டுமா?"

இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. சத்தம் கூடக்கூட எல்லா ஸ்வரமும் கெட்டால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்றால் ஏதோ ஒன்று தளர்ந்து ஆடுகிறது. குறைந்த சத்தத்திலேயே எப்போதும் உரசினால்தான் வூஃபரைச் சந்தேகிக்க நியாயம் உண்டு.

அவன் பெட்டியில் முதல் இரண்டும் இருந்தன.

வூஃபரைக் கழற்றி மேசைமேல் மல்லாக்க வைத்தேன். இரண்டு கை விரல்களையும் கோனின் மேல் சமமாக வைத்து மெதுவாக அழுத்தி விட்டேன். காயில் காந்தத்தில் உரசினால் மணல் தேய்ப்பது போன்ற சத்தம் விரலிலேயே தெரியும். ஒன்றும் இல்லை. ஓரத்து மடிப்பில் கிழிசல் இல்லை. மல்டிமீட்டரில் மூன்றரை ஓம் காட்டியது. நாலு ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும்.

"முன்னாடி கழட்டின ரெண்டும் எங்கடா?"

"கோணிப்பையில போட்டு வெச்சிருக்கேன் மாமா."

வீட்டுக்குப் போய் எடுத்து வரச் சொன்னேன். இரண்டையும் அதே போலச் சோதித்தேன். இரண்டும் நல்ல வூஃபர்கள்! உயிரோடு இருந்தவற்றைக் கோணியில் கட்டிப் போட்டிருக்கிறான் பிள்ளை.

பிறகு 'ஜிர்ர்' சத்தத்தைத் தேடினோம். கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலியைப் போட்டு, குறைந்த சத்தத்தில், 30 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெல்ல ஏற்றச் சொன்னேன். நூற்றுப்பத்தை நெருங்கும்போது ஜிர்ர். அங்கேயே நிறுத்தி, பெட்டியின் ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனேன். பின்பலகையில் ஒயர் சொருகும் பிளாஸ்டிக் தட்டை அழுத்தியதும் சத்தம் நின்றது. நாலு திருகில் ஒன்று மரத்தைப் பிடிக்கவே இல்லை. இணைப்புகளுக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைக் காட்டினேன். கீழ்மூலை ஒன்றில் புகை படபடத்தது. அங்கே காற்று கசிகிறது. ஒரு பெரிய திருகு, கொஞ்சம் எம்-சீல், வேலை முடிந்தது.

மிச்சமிருந்தது கரகரப்பு. போர்டைப் பார்த்தேன். 4440 ஐசி. பிரிட்ஜ் முறையில் நாலு ஓமுக்கு 19 வாட் தரக்கூடியது. அதற்கு இவன் கொடுத்திருந்த டிரான்ஸ்பார்மர் 12 வோல்ட், 1 ஆம்பியர். பெருக்கினால் 12 வாட். அதிலும் ஒரு பங்கு ஐசியின் சூடாகவே போய்விடும். டோல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் சரிந்து, அலையின் தலை வெட்டப்படுகிறது. வட்டமாக வர வேண்டிய அலை தட்டையாக வருகிறது. ஸ்பீக்கர் என்ன செய்யும் பாவம்? கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கிறது. பொய் சொன்னவனை விட்டுவிட்டு, கேட்டதைத் திருப்பிச் சொன்னவனைத் தண்டித்திருக்கிறோம், மூன்று முறை.

போர்டு வந்த உறையில் '400 வாட் பி.எம்.பி.ஓ.' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது! அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் வாட் கணக்கில் பொய் சொல்லக் கூடாதென்று 1974-லேயே அரசு விதி போட்டார்கள். நம் ஊரில் பன்னிரண்டு வாட் டிரான்ஸ்பார்மரோடு சேரும் போர்டுக்கு நானூறு வாட் என்று எழுதி விற்கிறார்கள். நாமும் வாங்குகிறோம். கரகரத்தால் ஸ்பீக்கரைத் திட்டுகிறோம்.

"மாமா, ஒரு வூஃபர் என்ன பெரிய விலையா? உங்களை மாதிரி உட்கார்ந்து தேட யாருக்கு நேரம் இருக்கு?" என்றான். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன். தேட எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அவன் மூன்று முறை ரிச்சி தெருவுக்குப் போய் வந்த நேரம் அதைவிட அதிகம். அப்படியும் கோளாறு தீரவில்லை. காரணம் தெரியாமல் மாற்றுவதற்குப் பெயர் பழுதுபார்ப்பது இல்லை, லாட்டரி.

வூஃபர் நிஜமாகவே கெடுவதும் உண்டு, மறுக்கவில்லை. காயில் கருகினால் மீட்டர் சொல்லும், மூக்கும் சொல்லும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் ஃபோம் ஓரங்கள் சில வருடங்களில் பொடிந்து உதிரும். அப்போது மாற்றுங்கள். பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்கலாம். ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

1983-ல் நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தோம். என் சம்பளம், அவன் உழைப்பு. பலகை இழைத்ததும் துணி ஒட்டியதும் அவன். ஒயர்களை சால்டர் செய்தது நான், டிபார்ட்மெண்ட் ஆள் அல்லவா! ஒருநாள் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அதை எடுத்துப்போய்ப் போட்டான். திரும்பி வந்ததிலிருந்து தாழ்ந்த ஸ்வரங்களில் படபடவென்று அடித்தது. "ஃபுல்லா வெச்சுக் கோனைக் கிழிச்சுட்டியேடா" என்று அம்மா முன்னால் கத்தினேன். "இல்லண்ணே, பாதிதான் வெச்சேன்" என்றான். நான் கேட்கவில்லை. அதன் பிறகு அவன் அந்தப் பெட்டியைத் தொடவே இல்லை. சேர்ந்து எதுவும் செய்யவும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து வீடு மாறும்போதுதான் பெட்டியைத் திறந்தேன். கோனில் ஒரு கீறல்கூட இல்லை. நான் தேவைக்கு மேல் நீளமாக விட்ட ஒயர் சரிந்து, கோனின் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தது. தூக்கிப்போனபோது நகர்ந்திருக்க வேண்டும். ஒரு நூல் போட்டுக் கட்டினேன். படபடப்பு நின்றுவிட்டது.

தம்பியிடம் சொன்னேன். "சரி விடுண்ணே" என்று சிரித்தான். ஆனால் அந்த இரண்டு வருடத்தைக் கட்ட என்னிடம் நூல் இல்லை.

அக்கா மகன் இப்போது மூன்று ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் போட்டுவிட்டான். கரகரப்பு இல்லை. கோணியிலிருந்து மீண்ட இரண்டு வூஃபருக்கும் பெட்டி அறுத்துக்கொண்டிருக்கிறான். பிரிக்காத புதியதைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்க மறுத்துவிட்டார்களாம். போகட்டும். அடுத்த முறை யாராவது "போச்சு" என்றால், "எப்படித் தெரியும்?" என்று கேட்பான். எனக்கு அது போதும்.