முகமும் மதிப்பும்

மக்களிடையே ஒருவருக்குள்ள மதிப்பையும் செல்வாக்கையும் அரபு மொழியில் ‘ஜாஹ்’ என்பர். இச்சொல்லின் பிறப்பு சிந்தனைக்குரியது. முகத்தைக் குறிக்கும் ‘வஜ்ஹ்’ என்னும் சொல்லின் எழுத்துக்கள் இடம் மாறியே ‘ஜாஹ்’ பிறந்தது என ‘லிஸானுல் அரப்’ என்னும் பேரகராதியில் இப்னு மன்ளூர் (மறைவு 1311) குறித்துள்ளார். தமிழிலும், ஒருவரை மதித்து உரையாடுவதை ‘முகம் கொடுத்துப் பேசுதல்’ என்கிறோம் அன்றோ?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 1095-ஆம் ஆண்டில், பக்தாத் நிஜாமிய்யாவில் தாம் வகித்த உயர் பதவியைத் துறந்து வெளியேறினார்கள். அதன் பின்னர் எழுதிய ‘இஹ்யா’வில் இந்த ‘ஜாஹ்’ மோகத்தைக் கண்டிக்கத் தனிப் பகுதியே ஒதுக்கினார்கள். பொருட்களை உடைமையாக்கிக் கொள்வது செல்வம். மனித உள்ளங்களை உடைமையாக்கிக் கொள்வது ‘ஜாஹ்’ என்பது அவர்களின் விளக்கம். வாழ்வுக்கு ஓரளவு பொருள் தேவைப்படுவது போல ஓரளவு மதிப்பும் தேவையே. அதனை நாடி அலைவதுதான் நோய்.

திருமறையோ, அதே முகச் சொல்லின் வேரிலிருந்து ‘வஜீஹ்’ என்னும் சொல்லை எடுத்தாளுகிறது. ஈஸா (அலை) அவர்கள் இம்மையிலும் மறுமையிலும் மதிப்புக்குரியவர் (3:45). மூஸா (அலை) அவர்கள் அல்லாஹ்விடத்தில் மதிப்புக்குரியவர் (33:69). மூஸா நபியை மக்களில் சிலர் பழி கூறித் துன்புறுத்தியதைச் சொல்லும் அதே வசனத்தில்தான் அவர்களின் உயர்வும் சொல்லப்படுகிறது. மக்கள் தூற்றிய வேளையிலும் இறைவனிடத்தில் அவர்களின் மதிப்பு அணுவளவும் குறையவில்லை.

முகத்தைப் பற்றிய மற்றொரு பாடம் 80-ஆம் அத்தியாயத்தில் உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்குச் சத்தியத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்த வேளையில், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு நாடி வந்தார்கள். நாடி வந்தவரை விட்டு, அலட்சியம் செய்வோரின் பக்கம் முகம் திரும்பலாகாது என இறைவன் உணர்த்தினான். அத்தோழரே பின்னாளில் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக விளங்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வெளியே சென்றிருந்த காலங்களில் அந்நகரின் பொறுப்பையும் ஏற்றார்கள்.

அன்பார்ந்தவர்களே! நம் இல்ல நிக்காஹ் விருந்துகளில் செல்வந்தரை வாசலுக்கே சென்று அழைத்து வருகிறோம். ஓரமாக நின்று ஸலாம் உரைக்கும் ஏழை உறவினரிடம் நம் முகம் திரும்புகிறதா? மதிப்பு என்னும் சொல்லே முகத்திலிருந்து பிறந்ததெனில், அந்த ஏழைக்கு நாம் மறுப்பது ஒரு பார்வையை மட்டுமன்று, அவருடைய மதிப்பையே. மக்கள் முகங்கள் நம்மை நோக்கித் திரும்ப வேண்டுமென ஏங்குவதை விடுத்து, நம் முகத்தை எவருக்கும் மறுக்காதிருப்போம். இறைவனிடத்தில் மதிப்புத் தேடும் வழி அதுவே.