கடித்த ரொட்டி காத்திருக்கும்! - மத்திய ஆசியாவின் வெயில், குளிர், சாப்பாடு

தெரியாத ஊரில், தெரியாத மனிதரிடம் பேச்சைத் தொடங்க எல்லோருக்கும் கைகொடுப்பது வெயில்தான். உஸ்பெகிஸ்தானில் வெயிலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், 'சில்லா' என்ற சொல் நிச்சயம் வந்து விழும். பாரசீக மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. ஜூன் 25 முதல் ஆகஸ்ட் 5 வரை கோடைச் சில்லா. டிசம்பர் 25 முதல் பிப்ரவரி 5 வரை குளிர்ச் சில்லா. சுமார் நாற்பது நாள் கொளுத்தும், நாற்பது நாள் உறையவைக்கும்.

இதற்குக் காரணம், கடல் வெகு தூரத்தில் இருப்பது. உஸ்பெகிஸ்தானிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், குறைந்தது இரண்டு நாட்டு எல்லைகளைத் தாண்டினால்தான் கடற்கரையைப் பார்க்க முடியும். உலகத்தில் இப்படி இருக்கும் இன்னொரு நாடு லிக்டன்ஸ்டைன் மட்டும்தான். கடல்காற்று எட்டாததால் கோடையில் தாஷ்கண்ட் 40 டிகிரியைத் தாண்டும். 2023 ஜனவரியில் அதே தாஷ்கண்ட்டில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரியை நெருங்கியது. மின்சாரமும் எரிவாயுவும் தட்டுப்பட்டு மக்கள் தவித்துப்போனார்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் சமையல் என்பது ருசி மட்டும் பார்த்து வளர்வதில்லை. 'இன்று கிடைப்பதை நாளைக்கு எப்படி வைத்திருப்பது?' என்ற கவலையிலிருந்தே அங்கே பல பண்டங்கள் பிறந்திருக்கின்றன.

கல்லா, தயிரா?

முதலில் 'குர்த்'. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் உப்புச் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்தபின் கல் மாதிரி இறுகிவிடும். ஆடு, மாடு, குதிரைகளோடு ஊர் ஊராக நகர்ந்த மேய்ச்சல்காரர்களுக்கு இதுதான் மடியில் கட்டிக்கொண்ட பால். பல மாதங்கள் கெடாது. அப்படியே வாயில் போட்டுச் சப்பலாம், தண்ணீரில் கரைத்தும் குடிக்கலாம். தஜிகிஸ்தானில் இதைக் கரைத்து, பிய்த்துப் போட்ட ரொட்டியின் மேல் ஊற்றி, எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தையும் கீரைத் தழைகளையும் தூவுகிறார்கள். 'குருதோப்' என்ற இந்த உணவை வீட்டார் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

குர்த்துக்குப் பின்னால் ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. ஸ்டாலின் காலத்தில், 'தேசத்துரோகிகள்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் மனைவிகளை அடைத்துவைக்க, கஜகஸ்தானில் ஒரு முகாம் இருந்தது. பெயர் அல்ஜிர். இன்றைய தலைநகர் அஸ்தானாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. முதல் கைதிகள் 1938 ஜனவரியில் வந்து சேர்ந்தார்கள். உறைந்த ஏரியில் நாணல் அறுப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலைகளில் ஒன்று.

ஒருநாள் அந்த ஊர்ப் பெரியவர்களும் பிள்ளைகளும் வந்து, கைதிகள் மேல் கற்களை வீசினார்கள். 'பார்த்தீர்களா, ஊர்க்காரர்களுக்கே உங்களைப் பிடிக்கவில்லை' என்று காவலர்கள் சிரித்தார்களாம். தடுக்கி விழுந்த ஒரு பெண்ணுக்கு, முகத்தருகே கிடந்த கல்லிலிருந்து பால் வாசம் வந்தது. கல் இல்லை, குர்த்! காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, பசித்திருந்த பெண்களுக்கு அந்த மக்கள் சோறு போட்டிருக்கிறார்கள். முகாமிலிருந்து மீண்ட ஒரு பெண் சொன்ன நினைவு இது. அந்த இடத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

முலாம்பழத்துக்காக அழுத மன்னர்

கோடைச் சில்லாவின் கொடை முலாம்பழம். வறண்ட காற்றும் சுட்டெரிக்கும் வெயிலும் பழத்தில் இனிப்பை ஏற்றிவிடும். குளிர்காலத்துக்கென்றே தனி ரகங்கள் உண்டு. அவற்றை நாணல் பின்னலில் கட்டி, கொட்டகையில் தொங்கவிடுவார்கள். வெளியே பனி கொட்டும்போது வீட்டில் முலாம்பழம் வெட்டலாம்.

கீற்றுகளாக நறுக்கி வெயிலில் காயவைப்பது இன்னொரு வழி. 14-ம் நூற்றாண்டுப் பயணி இபின் பதூதா, குவாரிசம் பகுதியின் காய்ந்த முலாம்பழம் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போவதை எழுதிவைத்திருக்கிறார். டெல்லியில் இருந்தபோது, வியாபாரிகள் வந்த சேதி கேட்டால் ஆள் அனுப்பி அதை வாங்கிவரச் சொல்வாராம். பிற்பாடு நம் மதுரை வரை வந்த அதே இபின் பதூதாதான்!

அவருக்கே அப்படியென்றால், அந்த மண்ணில் பிறந்தவர் என்ன பாடுபட்டிருப்பார்? பாபர் 1483-ல் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் அந்திஜானில் பிறந்தவர். 1526-ல் டெல்லியைப் பிடித்தார். இவ்வளவு பெரிய நாடு கைக்கு வந்தும், இங்கே நல்ல முலாம்பழம் இல்லை, திராட்சை இல்லை, பனிக்கட்டி இல்லை என்று தன் நினைவுக்குறிப்பான பாபர்நாமாவில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஒருமுறை முலாம்பழம் ஒன்றை வெட்டிச் சாப்பிட்டபோது அழுகையை அடக்க முடியவில்லை என்று நண்பருக்குக் கடிதமும் எழுதினார். கடைசியில் ஆக்ரா தோட்டத்திலேயே முலாம்பழமும் திராட்சையும் பயிர் செய்யவைத்து, விளைந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

விடியற்காலை பிலாவ்

மத்திய ஆசிய விருந்து என்றால் பிலாவ். உஸ்பெக் மக்கள் 'ஓஷ்' என்பார்கள். கொழுப்பைக் காயவைத்து, வெங்காயம், ஆட்டிறைச்சி, நீளமாக நறுக்கிய மஞ்சள் கேரட், சீரகம், முழுப்பூண்டு எல்லாம் சேர்த்துக் கொதிக்கவிடுவார்கள். அதன்மேல் அரிசியைப் பரப்பி, கிளறாமல் வேகவைப்பார்கள். கல்யாண வீட்டில் விடிந்ததும் விடியாததுமாக ஊருக்கே பிலாவ் பரிமாறும் வழக்கம் உண்டு. பெரிய கொப்பரையில் அதைச் சமைப்பது ஆண்கள். 2016-ல் உஸ்பெக் பிலாவும் தஜிக் பிலாவும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தன.

கூடவே சூடான பச்சைத் தேநீர். கோப்பையில் பாதிதான் ஊற்றித் தருவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 'திரும்பத் திரும்ப ஊற்றித் தர எனக்கு வாய்ப்புக் கொடுங்கள்' என்பது அதன் பொருள். விளிம்புவரை நிரப்பினால்தான், 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்' என்று அர்த்தம்!

போகிறவர் கடிக்க வேண்டும்

இத்தனையும் இருந்தாலும், அங்கே தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடப்படுவது ரொட்டி. உஸ்பெக்கில் 'நோன்'. நம் ஹோட்டல் மெனுவில் இருக்கும் 'நான்' இதன் உறவுக்காரச் சொல்தான். நடுவில் முத்திரை குத்தி, தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். கத்தியால் வெட்டாமல் கையால் பிய்ப்பதே மரியாதை. கவிழ்த்து வைக்கக் கூடாது. கீழே கிடக்கும் துண்டைப் பார்த்தால், எடுத்து உயரமான இடத்தில் வைத்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

சமர்கண்ட் ரொட்டிக்குத் தனிப் புகழ். புகாராவை ஆண்ட மன்னர் ஒருவர், சமர்கண்டின் கைதேர்ந்த ரொட்டிக்காரரை வரவழைத்தாராம். அதே மாவு, அதே தண்ணீர், அதே ஆள். ருசி மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "இங்கே சமர்கண்ட் காற்று இல்லையே" என்றாராம் ரொட்டிக்காரர். இந்தக் கதையை இன்றும் அங்கே சொல்கிறார்கள்.

வீட்டிலிருந்து ஒருவர் தொலைதூரம் கிளம்பினால், ஒரு முழு ரொட்டியைக் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். மீதியைப் பத்திரமாக எடுத்துவைப்பார்கள். வறண்ட காற்றில் அது காய்ந்து இறுகும். திரும்பி வந்தபின் மீதியை அவரே சாப்பிட வேண்டும். பாக்கி வைத்துவிட்டுப் போன ரொட்டி, ஆளைத் திரும்ப அழைத்துவரும் என்பது நம்பிக்கை.

பட்டாளத்துக்குப் போகும் பிள்ளைக்காகச் செய்வது இது. இன்று உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தானிலிருந்து ஏராளமான இளைஞர்கள் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் ரஷ்யா போகிறார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆள் வருவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகிறது. மகனிடம் அம்மா தினமும் வீடியோ காலில் பேசலாம், 'அங்கே பனி பெய்கிறதா?' என்று கேட்கலாம். ஆனால், எடுத்துவைத்த அந்த ரொட்டியின் மீதியை வீடியோ காலில் ஊட்ட முடியாதே!

சமர்கண்டிலும் பிஷ்கெக்கிலும் மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விமான நிலையத்தில் எடை பார்த்துப் பார்த்து, பெட்டியில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் திணித்துக்கொடுத்த அம்மாக்கள் இங்கே உண்டு. உஸ்பெக் அம்மாவோ பாதி ரொட்டியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். அடுத்த முறை பிள்ளையிடம் பேசும்போது, அங்கே யார் வீட்டிலாவது இப்படி ஒரு ரொட்டியைப் பார்த்ததுண்டா என்று கேட்டுப்பாருங்கள்.