தொழில் தெரியும்; சொல்லித்தரத் தெரியுமா?

நிக்டியிலும் அதனை அடுத்த ஆகுர்டி, சின்ச்வட், பிம்பிரிப் பகுதிகளிலும் வாழும் நம்மவரிடையே, லேத்திலும் மில்லிங் எந்திரத்திலும் பற்றவைப்பிலும் இருபது முப்பது ஆண்டு பழுத்த கைகளுக்குப் பஞ்சமில்லை. 1954-இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவப்பெற்றது. 1962-இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அதன்பின் இவ்வட்டாரத்தில் பட்டறைகள் பெருகின, பட்டறைகளைத் தேடி நம்மவரும் வந்தனர். இன்றோ அவர்களில் மூத்தோர் ஓய்வு பெற்று வருகின்றனர். ஓய்வுக்கு முன்பே ஆலை ஓய்ந்துபோன கதையும் உண்டு. ஆகுர்டியில் பஜாஜ் வண்டிகள் உற்பத்தியாவது 2007-இல் நின்றது பலருக்கு நினைவிருக்கும். வேலை முடிந்தாலும் கையிலிருக்கும் தொழில் முடிந்துவிடுவதில்லை. அதை இளைஞர்களுக்குச் சொல்லித்தரலாமே என்று நினைத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாயிலில் போய் நின்றால், "கற்பிக்கும் சான்றிதழ் உண்டா?" என்று கேட்கின்றார்கள்.

"முப்பது ஆண்டு செய்தவனுக்குச் சான்றிதழ் எதற்கு ஐயா?" என்று மனம் நோகும் அன்பர்களை நாம் அறிவோம். அந்த நோவு இயல்பே. ஆயினும் அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கின்றது. அதனை விளக்கவே இத்திங்கள் இப்பகுதியை ஒதுக்குகின்றோம்.

லேத்தில் வேலை செய்த எவரும் சக்கு சாவியை அறிவர். சக்கின் தாடைகளை இறுக்கியபின் சாவியை உடனே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் எந்திரத்தை ஓட்டினால் சாவி பறந்து வந்து முகத்தில் அடிக்கும். பல்லோ கண்ணோ போகும். பழகிய தொழிலாளியின் கை அதைத் தானே எடுத்துவிடுகின்றது. எடுத்ததை அவர் மனம் அறிவதுகூட இல்லை. இப்பொழுது அவரிடம் ஒரு பையனை ஒப்படைத்து, "இவனுக்குச் சொல்லிக்கொடும்" என்றால் என்ன நேரும்? இறுக்குவதைச் சொல்வார், வெட்டும் ஆழத்தைச் சொல்வார், வேகத்தைச் சொல்வார். சாவியை எடுக்கச் சொல்ல மறந்துவிடுவார். மறதி அவருடைய குற்றமன்று. நாள்தோறும் செய்யும் வேலை கைக்குள் இறங்கிவிட்டது, நாவுக்கு வருவதில்லை. தொழிலில் தேர்ச்சி மிக மிக, இந்த இடைவெளியும் மிகுகின்றது என்றே நாம் கருதுகின்றோம்.

இதனை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் ஆலன் என்ற அமெரிக்கர். முதல் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் துறைகளுக்குத் திடீரென்று ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டனர். தொழில் தெரிந்தவர்களையே ஆசிரியர்களாக்கும் வழியை அவர் வகுத்து, 1919-இல் ஒரு நூலும் வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரில் அவ்வழியே மேலும் செப்பம் பெற்றுத் 'தொழிற்சாலைக்குள் பயிற்சி' என்ற திட்டமாயிற்று. அதன் முறை மிக எளிது. கற்பவனை ஆயத்தப்படுத்து, வேலையைச் செய்து காட்டிச் சொல், அவனையே செய்யச் சொல்லிப் பார், பின்னர் அவ்வப்போது போய்க் கவனி. இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒரு வேலை உண்டு. கற்பிப்பவர் தம் தொழிலைப் படி படியாகப் பிரித்துத் தாளில் எழுதவேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிரே, தவறினால் வேலை கெடும் அல்லது ஆளுக்குக் காயம் படும் என்ற குறிப்பையும் எழுதவேண்டும். சக்கு சாவி அந்த இரண்டாவது பத்தியில்தான் வரும்.

நிற்க. நம் நாட்டில் இதற்கென உள்ளது கைத்தொழில் ஆசிரியர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக சி.ஐ.டி.எஸ். என்பர். இதற்கான முதல் நிலையம் 1948-இல் தொடங்கப்பெற்றது. 1960-களில் லூதியானா, கான்பூர், ஹௌரா, மும்பை, சென்னை, ஐதராபாத் ஆகிய நகரங்களிலும் ஏற்பட்டன. இப்பொழுது அவற்றுக்குத் தேசியத் திறன் பயிற்சி நிலையம் என்று பெயர். பயிற்சி ஓராண்டு, தேர்ச்சி பெற்றால் தேசிய கைத்தொழில் ஆசிரியர் சான்றிதழ் கிடைக்கும். ஐ.டி.ஐ. தேறியவர்களும், தொழில் பழகுநர் சான்றிதழ் உடையோரும், டிப்ளமா, பட்டம் பெற்றோரும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பாடத்திட்டத்தில் உள்ள 1200 மணியில் 450 மணி கற்பிக்கும் முறைக்கே ஒதுக்கப்பட்டிருப்பது கவனிக்கத் தக்கது. பாடக் குறிப்பு எழுதுதல், செய்முறை காட்டத் திட்டமிடுதல், உடன் பயில்வோர் முன்னிலையில் பாடம் நடத்திக் குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை அதில் அடங்கும். நாற்பது வயதுக்காரர் தம்மினும் இளையோர் முன்னே நின்று குறை கேட்பது சிறிது சங்கடந்தான். ஆயினும் சாவியை மறந்தது அங்கேதான் வெளிப்படும்.

கற்பவர் வளர்ந்தவர் என்பதும் ஒரு தனிப் பொருள். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர்க்குச் சொல்ல முடியாது. அவர்க்குக் குடும்பம் உண்டு, கடன் உண்டு, ஏற்கெனவே அறிந்த சில சங்கதிகள் உண்டு. எல்லாவற்றினும் மேலாக மானம் உண்டு. இத்தகைய கல்விக்கு 'ஆண்ட்ரகோஜி' என்ற பெயரை 1833-இலேயே ஒரு ஜெர்மானிய ஆசிரியர் வழங்கினார். பிற்காலத்தில் அமெரிக்கரான மால்கம் நோல்ஸ் அதனைப் பரப்பினார். மால்கம் என்றதும் நமக்கு நம்மவர் ஒருவர் நினைவுக்கு வருகின்றார். 1910-இல் வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேஷய்யா, முதியோர் கல்விக்காக நெடுங்காலம் உழைத்தவர். வளர்ந்தோர்க்குரிய எழுத்தறிவு அவர்கள் செய்யும் தொழிலோடு பிணைந்திருக்க வேண்டும் என்ற கருத்து 1965-ஆம் ஆண்டு டெஹ்ரான் மாநாட்டுக்குப்பின் உலகெங்கும் வலுப்பெற்றது.

"அறிவொளி இயக்கத்தில் சொல்லிக்கொடுத்தவர்கள் சான்றிதழா வைத்திருந்தார்கள்?" என்று சிலர் மடக்கக்கூடும். நல்ல கேள்வி. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வியக்கம் தொடங்கியபோது கற்பித்தவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள்தாம். ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் அதனோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றனர். ஆயினும் அத்தொண்டர்களை எவரும் வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. அவர்களுக்கும் பயிற்சி முகாம்கள் நடந்தன. காகிதம் இல்லாமற் போகலாம். பயிற்சி இல்லாமற் போகக் கூடாது. ஆனால் அரசு வேலைக்கு மனுப் போடும்போது காகிதமும் வேண்டியிருக்கின்றது. இதற்கு நாம் என்ன செய்வது!

நம் ஊரிலிருந்து போவோர்க்கு அண்மையிலுள்ளது மும்பை நிலையம். சுனாபட்டியில் இருக்கின்றது. தாதரில் இறங்கி, குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறினால் அடுத்த நிலையம். நாள்தோறும் போய் வரலாமா என்று கேட்கவேண்டா; இருப்புப்பாதைக் காலஅட்டவணையோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில் கூறுகின்றோம், ஒரு மாதத்துக்குமேல் உடம்பு தாங்காது. அங்கேயே தங்குவதற்கு வழி பார்த்துக்கொள்க. பெண்களுக்கெனத் தனி நிலையமும் மும்பையில் உண்டு. வீட்டில் தையல் சொல்லிக்கொடுக்கும் சகோதரிகள் அதனை விசாரித்துப் பார்க்கலாம்.

ஓராண்டு சம்பளமின்றி இருப்பது குடும்பஸ்தர்க்கு எளிதன்று. ஐம்பது வயதுக்காரர் இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதற்குப் போகலாம் என்று சொல்ல நமக்கு மனமில்லை. ஐ.டி.ஐ. முடித்துச் சில ஆண்டு வேலை பார்த்த மகனோ மகளோ போவது நன்று. மூத்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. ஏற்கெனவே ஐ.டி.ஐ.களில் கற்பித்துவரும் ஆசிரியர்களின் முன்னறிவை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு அரசில் நடந்ததுண்டு. அத்தகைய அறிவிப்பு வருகின்றதா என்று பார்த்திருக்கலாம். துறைவாரித் திறன் மன்றங்கள் நடத்தும் குறுகிய காலப் பயிற்சியாளர் பயிற்சியும் உண்டு. அது ஓராண்டுச் சான்றிதழுக்கு ஈடாகாது எனினும் தனியார் பயிற்சிக் கூடங்களில் உதவும். மேலும், 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் விதிகள் 2019-இல் திருத்தப்பட்டு, முப்பதும் அதற்கு மேலும் ஆட்கள் உள்ள நிறுவனங்கள் தம் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநர்களைச் சேர்க்கவேண்டும் என்று ஆயிற்று. சேர்த்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? போசரி, சாக்கன் பட்டறைகளில் விசாரிப்பது வீண்போகாது.

ஓர் எச்சரிக்கை. "நுழைவுத் தேர்வே வேண்டாம், பணம் கட்டினால் சான்றிதழ் வீட்டுக்கே வரும்" என்று சொல்லும் தரகர்களிடம் ஒரு காசும் கொடுக்கவேண்டா. வயது, தகுதி, கட்டணம் யாவும் பயிற்சித் தலைமை இயக்ககமாகிய டி.ஜி.டி.யின் ஆண்டு அறிவிப்பில் வெளியாகும். ஔந்திலுள்ள அரசு ஐ.டி.ஐ.யிலோ மோர்வாடியிலுள்ள மாநகராட்சி ஐ.டி.ஐ.யிலோ கேட்டாலும் வழி சொல்வார்கள். பயிற்சி ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடைபெறுவதால், இந்தியில் தடுமாறுவோர் இப்பொழுதே சற்று முயலுதல் வேண்டும். இங்கே தொழில் பழக வரும் பையன்கள் விதர்ப்பத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகின்றவர்கள்; நம் தமிழில் திட்டினாலும் அவர்களுக்குப் புரியப்போவதில்லை.

மனுப் போடுமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நன்கு தெரிந்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, இடப்பக்கம் படிகளையும் வலப்பக்கம் எச்சரிக்கைக் குறிப்புகளையும் ஒரு தாளில் எழுதி, அந்தத் தொழிலே தெரியாத ஒருவரிடம், மனைவியிடமோ அண்டை வீட்டாரிடமோ, படித்துக் காட்டுங்கள். எழுதிய தாள்களை அடுத்த சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வருவோர் வரலாம். எத்தனை லேத்துக்காரர்கள் சாவியை எழுதியிருக்கின்றார்கள் என்று அங்கே பார்ப்போம்.